வீட்டிலேயே எலெக்ட்ரிக் கிட்டார் பதிவு: மூன்று வருடத்துக்குப் பிறகு

ஒரு முனையில் கிட்டார் ஜாக், மறுமுனையில் யூஎஸ்பி. அப்படி ஒரு மலிவான கேபிளோடுதான் ஆரம்பித்தேன். ஒரு வாரம் தாங்கினேன். அப்புறம் இரண்டு உள்ளீடு உள்ள ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் (கிட்டாரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்கினேன். இன்றும் அதே பெட்டிதான்.

வாங்கிய புதிதில் சத்தம் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல இருந்தது. கிட்டாரின் பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) சந்தேகப்பட்டேன், ஸ்ட்ரிங் மாற்றினேன். கடைசியில் பார்த்தால், பெட்டியின் முன்பக்கம் 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமென்ட்) என்றிருந்த பொத்தானை நான் அழுத்தவே இல்லை. கிட்டார் பிக்கப்புக்குப் பத்து லட்சம் ஓம் அளவில் மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) உள்ள உள்ளீடு வேண்டும். கீபோர்டு, மிக்சர் போன்றவற்றுக்கான லைன் உள்ளீட்டில் அது மிகக் குறைவு. செருகினால் மேல் ஸ்தாயி எல்லாம் மழுங்கிவிடும். புது ஸ்ட்ரிங் வாங்கிய காசு தண்டம்.

அடுத்தது தாமதம், அதாவது ஸ்ட்ரிங்கைத் தட்டியதற்கும் சத்தம் காதுக்கு வருவதற்கும் நடுவே உள்ள இடைவெளி. பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் சாம்பிள்கள்) 512, சாம்பிள் ரேட் (செகண்டுக்கு எத்தனை சாம்பிள்) 48,000 என்று வைத்தால் உள்ளே போக மட்டும் 10.7 மில்லி செகண்ட், வெளியே வரவும் அதே அளவு. ஆம்ப்பை ஏழு மீட்டர் தள்ளி வைத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம். பஃபரை 128-க்கு இறக்கியதும் விரலும் காதும் ஒன்று சேர்ந்தன. விண்டோஸ்காரர்கள் பெட்டியோடு வரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரையே போடுங்கள். இன்னொன்று: கிட்டாரைக் கம்ப்யூட்டருக்குப் போகாமல் நேராகக் காதுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் அமுங்கியிருந்தால், கிட்டாரின் வெறும் சத்தமும் ஆம்ப் பிளக்இன் (ஆம்ப் மாதிரி ஒலிக்கும் சாஃப்ட்வேர்) சத்தமும் சேர்ந்து கேட்கும். டிஸ்டார்ஷனுக்கு நடுவே யாரோ தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருந்ததன் காரணம் இதுதான் என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது.

ஆனால் என் நேரத்தை உண்மையில் தின்றது 'உம்ம்' என்ற இரைச்சல்தான். என்னுடையது சிங்கிள் காயில் கிட்டார், பிக்கப்பில் ஒற்றைச் சுருள்தான். சுற்றியுள்ள கம்பிகளில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அது ஆன்டெனா மாதிரி இழுத்துக்கொள்ளும்; கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவு) ஏற்றினால் அதுவும் சேர்ந்து ஏறும். சத்தம் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் அடைத்துவிடும் நாய்ஸ் கேட் போட்டேன். இரைச்சல் போனது, கூடவே இழுத்து வாசித்த நோட்டின் வாலும் போனது.

ஒருநாள் லேப்டாப் சார்ஜரைத் தற்செயலாகப் பிடுங்கினேன். பாதி இரைச்சல் அப்படியே நின்றது. மறுநாள் எலெக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் போர்டைக் கழற்றிக் காட்டினார்: மூன்று துளை சாக்கெட்தான், ஆனால் எர்த் கம்பி எதிலும் சேராமல் உள்ளே சும்மா சுருண்டு கிடந்தது. அதை இணைத்ததும் மீதியிலும் பெரும்பகுதி போனது. இன்னும் மிஞ்சியதற்கு நாற்காலியைத் திருப்பி உட்காருகிறேன். மேஜைக்குப் பக்கவாட்டாக, சமையலறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் இரைச்சல் ஏறக்குறைய அடங்கிவிடும். வேறு வீட்டில் வேறு திசையாக இருக்கும். சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். இத்தனைக்கும் புதிதாக எந்தக் கருவியும் வாங்கவில்லை.

மைக் இல்லாமல் நேரடியாகப் பதிவு செய்வதால் ஃபேன், தெருவில் போகும் ஹாரன், எதுவும் விழாது. மிக்ஸி மட்டும் விதிவிலக்கு. அதன் சத்தம் விழாது. மோட்டாரின் மின் கரகரப்பு பிக்கப் வழியாக விழும்.

சாஃப்ட்வேர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதிவு செய்யும் சாஃப்ட்வேரான ரீப்பரை 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். ஆம்ப்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர் என்ற பிளக்இன் இலவசம். ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்ப் ஹெட்டை மட்டும் நகலெடுத்த மாடலாக இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கேபினட் ஐஆர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித் தன்மையைப் பதிந்து வைத்த கோப்பு) போடுங்கள், இல்லாவிட்டால் கொசு ரீங்காரம்தான் கேட்கும். பதிவாவது 24 பிட். உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும், சிவப்பு விளக்கைத் தொட வேண்டாம்.

டிராக்கில் பதிவாவது ஆம்ப் இல்லாத வெறும் கிட்டார் என்பது எனக்கு முதலில் குறையாகத் தெரிந்தது. போன மாதம் இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒரு டேக்கை (பதிவை) திறந்து, அன்று என்னிடம் இல்லாத ஒரு ஆம்ப்பை அதன் மேல் போட்டேன். வாசிப்பு அன்றைய வாசிப்பு, சத்தம் புதுசு. முதல் நோட்டுக்கு முன்னால் மட்டும் இரண்டு செகண்ட் மிக்ஸி ஓடுகிறது. அதை வெட்டிவிட்டேன்.