மெனு சுத்துகிறதா? எக்செல்லைச் சரிபண்ணுவதா, கால்க்கா, கூகுள் ஷீட்ஸா, புது கம்ப்யூட்டரா

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனி ஆபீசுக்குள் நுழைந்தாலும் காஸ்டிங் ஷீட் எக்செல்லில்தான் ஓடும். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல் கூலி, காஜா பட்டன், பேக்கிங் என்று வரிவரியாகக் கூட்டி ஒரு பீஸுக்கு என்ன விலை சொல்லலாம் என்று பார்ப்பதற்குள், ஃபைல் மெனுவைத் தொட்டால் ஒரு நிமிடம் சுத்தும், ரைட் கிளிக் செய்தால் திரை வெளுக்கும். உடனே ஆபீஸ் முழுக்க வைத்தியர்கள். "ஏனுங்க, லிப்ரே ஆபீஸ் சும்மாவே கிடைக்குதுங்க, மாத்திருங்க" என்பார் ஒருவர். கூகுள் ஷீட்ஸில் போட்டுவிடச் சொல்வார் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர். கணக்குப்பிள்ளை நேராகப் புது கம்ப்யூட்டருக்குக் கொட்டேஷன் கேட்பார்.

நான்கு வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கணக்கு மெதுவாக ஓடுவது ஒரு நோய், மெனு மெதுவாகத் திறப்பது வேறு நோய். வெறும் புது ஃபைல் ஒன்றைத் திறந்து அதே மெனுவைத் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் சுத்தினால் உங்கள் காஸ்டிங் ஷீட்மேல் தப்பே இல்லை. அப்புறம் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை தொடுங்கள். பிராசசர், டிஸ்க் எல்லாம் சும்மா கிடக்க மெனு மட்டும் உறைந்து நிற்கிறது என்றால், எக்செல் வேலை செய்துகொண்டு இல்லை, யாருக்கோ காத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அந்த யாரோ ஒரு பிரிண்டர், அல்லது நெட்வொர்க்கில் இப்போது இல்லாத ஒரு ஃபோல்டர். புது கம்ப்யூட்டர் வாங்கினாலும் அதுவும் அதே பிரிண்டருக்காகக் காத்துத்தான் நிற்கும்.

அதனால் முதலில் எக்செல்லையே சரிபண்ணுவது. பிரிண்டரிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் நம் ஊர் ஆபீஸ்களில் இது ரொம்ப சாதாரணம். பக்க அளவு, பக்கப் பிரிவு எல்லாம் கணக்கிட எக்செல் டீஃபால்ட் பிரிண்டரின் டிரைவரைத்தான் கேட்கும். அந்த பிரிண்டர் பேக்கிங் செக்‌ஷனில் அணைந்து கிடந்தால் பதில் வரும்வரை நிற்கும். இதில் ஒரு கூத்து உண்டு. விண்டோஸில் டீஃபால்ட் பிரிண்டரைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒரு செட்டிங் இருக்கிறது. அது ஆனில் இருந்தால் கடைசியாகப் பிரிண்ட் எடுத்ததுதான் டீஃபால்ட். யாரோ உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து பார்கோடு ஸ்டிக்கர் நாலு அடித்துவிட்டுப் போயிருப்பார்கள், அன்றைக்கு முழுக்க உங்கள் காஸ்டிங் ஷீட் அந்த ஸ்டிக்கர் பிரிண்டரிடம் பக்க அளவு கேட்டுக்கொண்டிருக்கும். அந்த செட்டிங்கை அணைத்து, மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்பை டீஃபால்ட்டாக வையுங்கள். பேப்பரில் எடுக்கும்போது மட்டும் நிஜ பிரிண்டரைத் தேர்ந்தால் போதும்.

ஃபைல் மெனு மட்டும் நிற்கிறதா? ரீசன்ட் பட்டியலில் பின் குத்தி வைத்த, இப்போது இல்லாத சர்வர் ஃபோல்டர்களை நீக்கிப் பாருங்கள். எல்லா மெனுவும் நிற்கிறதா? கண்ட்ரோல் பொத்தானை அழுத்தியபடியே எக்செல்லைத் திறந்தால் சேஃப் மோடு வேண்டுமா என்று கேட்கும். அதில் மெனு பறந்தால் ஆட்இன்தான், அதாவது எக்செல்லோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை மென்பொருள்தான் குற்றவாளி. ஆப்ஷன்ஸில் காம் ஆட்இன்ஸ் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக டிக்கை எடுங்கள். பிடிஎஃப் மாற்றும் மென்பொருள்கள் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் இடம் அது. எழுத்துருப் பட்டியல் மட்டும் இழுக்கிறது என்றால் ஃபான்ட் ஃபோல்டரைப் பாருங்கள். ஃபிளெக்ஸ் அடிக்கும் கடைக்காரர் கொடுத்த தமிழ் ஃபான்ட் மூட்டையை மொத்தமாக நிறுவி வைத்த கம்ப்யூட்டர்கள் இங்கே ஏராளம். தேர்வின்மேல் மவுஸ் போனவுடனே மாற்றத்தை முன்கூட்டிக் காட்டும் லைவ் ப்ரீவியூவையும் அணைத்துவிடலாம். பழைய கிராபிக்ஸ் டிரைவர் என்றால் அட்வான்ஸ்டு பகுதியில் ஹார்டுவேர் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷனை நிறுத்தும் டிக் உங்கள் பதிப்பில் இருக்கிறதா பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் மெனு டிலே 400 என்பதைக் குறைக்கச் சொல்லும் யூடியூப் வைத்தியத்தை விட்டுவிடுங்கள், அது விண்டோஸின் பழைய பாணி துணைமெனுக்களுக்கான மில்லிசெகண்ட் கணக்கு, எக்செல்லின் மேலே இருக்கும் பொத்தான் பட்டையான ரிப்பன் உறைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வெறும் ஃபைலில் எல்லாம் ஒழுங்காக இருந்து, குறிப்பிட்ட ஒரு ஷீட்டில் மட்டும் மெனு இழுக்கிறதென்றால் அது பையர், அதாவது ஆர்டர் கொடுக்கும் கம்பெனி, அனுப்பிய ஷீட்டின்மேல் வருடக்கணக்கில் காப்பி பேஸ்ட் செய்த குப்பை. ஒவ்வொரு ஃபைலிலிருந்தும் ஒட்டும்போது அதன் செல் ஸ்டைல்களும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கண்ட்ரோலும் எண்டும் சேர்த்து அழுத்துங்கள், 200 வரி ஷீட்டில் கர்சர் 10,48,576-வது வரியில் போய் நின்றால், வெற்று வரிகளிலும் குப்பை கிடக்கிறது என்று புரிந்துவிடும். எஃப்5 அழுத்தி ஸ்பெஷலில் ஆப்ஜெக்ட்ஸைத் தேர்ந்தால், கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சுருங்கிப்போன பனியன் டிசைன் படங்கள் கும்பலாக செலக்ட் ஆகும். வேண்டிய படங்களைத் தவிர மற்றதை அழிக்கலாம். புதிய மைக்ரோசாஃப்ட் 365 எக்செல்லில் ரிவ்யூ டேபில் செக் பெர்ஃபார்மன்ஸ் இருக்கிறது, வெற்று செல்களில் கிடக்கும் வீண் ஃபார்மேட்டை அதுவே துடைத்துவிடும்.

இனி லிப்ரே ஆபீஸ் கால்க். செலவில்லை, மெனு பழைய பாணி என்பதால் தொட்டவுடன் விழும், எக்செல்லின் காம் ஆட்இன் தொல்லை கிடையாது. 2022-இல் வந்த 7.4 பதிப்பிலிருந்து நெட்டுவரிசையும் எக்செல் போலவே 16,384 ஆகிவிட்டது. ஆனால் மெனு நோய்க்கு இதை மருந்தாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிரிண்டர் பிரச்சினை அங்கேயும் கூடவே வரும். சில பழைய கிராபிக்ஸ் கார்டுகளில், திரையில் வரையும் வேலையைச் செய்யும் ஸ்கியா ரெண்டரிங் மக்கர் செய்து மெனு பாதி வரைந்து நிற்கும், அதை ஆப்ஷன்ஸில் வியூ பகுதியில் போய் அணைக்க வேண்டும். பையரின் ஷீட்டில் விபிஏ மேக்ரோ (எக்செல்லுக்குள் எழுதும் குட்டி நிரல்) இருந்தால் பாதி ஓடும், பாதி ஓடாது. கண்டிஷனல் ஃபார்மேட் குவிந்த எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைலைத் திறக்க எக்செல்லைவிட அதிக நேரம் எடுப்பதும் உண்டு. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை, எடை, ரேட், வரவு என்று எழுதுகிறவருக்குத் தாராளமாகப் போதும். வெளிநாட்டு பையரோடு ஒரே ஃபைலை மாற்றி மாற்றி அனுப்புகிறவர் யோசிக்க வேண்டும்.

கூகுள் ஷீட்ஸில் பிரிண்டர் டிரைவர், காம் ஆட்இன் என்ற பேச்சே இல்லை, எல்லாம் பிரவுசருக்குள். நிட்டிங் யூனிட் ஒரு பக்கம், சாயப்பட்டறை இன்னொரு பக்கம், எந்த லாட் எங்கே நிற்கிறது என்று எல்லோரும் போனிலிருந்தே பார்க்க இதைவிட வசதி வேறு இல்லை. கரண்ட் போனாலும் கடைசி வரிவரை சேமித்திருக்கும். காஸ்டிங்குக்கு மட்டும் நான் போகமாட்டேன். ஒரு ஃபைலுக்கு ஒரு கோடி செல் என்ற எல்லை இருக்கிறது, அதற்கு ரொம்ப முன்னாடியே, வேறு ஃபைலிலிருந்து தரவை இழுக்கும் இம்போர்ட்ரேஞ்ச் ஃபார்முலா போட்டு நாலு ஃபைலைக் கோர்த்தவுடன் ஷீட் மூச்சு வாங்கும். மெனுவின் வேகம் பிரவுசரைப் பொறுத்தது, எக்ஸ்டென்ஷனும் டேபும் குவிந்த குரோமில் இதுவும் எக்செல் போலவே சுத்தும்.

புது கம்ப்யூட்டர் கதை சின்னது. 4 ஜிபி ராமும் பழைய ஹார்டு டிஸ்கும் இருந்து, மெனுவைத் தொடும்போது டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் செலவு செய்யுங்கள். அதுகூட முழு கம்ப்யூட்டர் வேண்டாம், ஒரு எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் போட்டால் தீர்ந்துவிடும். ஆபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு நின்றுவிட்டது, அதற்காக மாற்றுவதானால் அது நியாயமான காரணம், ஆனால் அந்த பில்லை மெனு கணக்கில் எழுதாதீர்கள்.

என் கையில் விட்டால் காஸ்டிங் எக்செல்லிலேயே இருக்கட்டும், பிரிண்டர், ஆட்இன், குப்பைப் படம் இந்த வரிசையில் பார்க்கலாம், புரொடக்‌ஷன் ஸ்டேட்டஸை மட்டும் ஷீட்ஸுக்கு மாற்றலாம். எக்செல் லைசென்ஸே வாங்காமல் ஓட்டுகிற கம்ப்யூட்டர்களில் கால்க் போட்டுவிடுங்கள், அதற்கு மெனுவின் வேகத்தைக் காரணம் காட்ட வேண்டியதே இல்லைங்க.