ஓடுவதற்கு ட்ரெட்மில்: ஒரே விலையில் மூன்று வகை

நடுத்தர விலையில் வீட்டுக்கு ட்ரெட்மில் தேடினால் கடைசியில் மூன்று வகைகள்தான் தேறும். மடித்துச் சுவரோரம் நிறுத்தி வைக்கிற இலகுவான மெஷின் ஒன்று. பெரிய திரையும் பயிற்சி வீடியோக்களும் உள்ளது இன்னொன்று. அலங்காரம் எதுவும் இல்லாமல், இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்தச் சிரமப்படுகிற கனத்த மெஷின் மூன்றாவது. விலை ஏறக்குறைய ஒன்றுதான் என்றால், அந்தப் பணம் மெஷினின் எந்தப் பாகத்துக்குப் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாரம் நான்கு நாள், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நடக்க மட்டும்தான் என்றால் முதல் வகையே போதும்.

முதலில் மோட்டார். பலரும் ஏமாறுவது இங்கேதான். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 4 ஹெச்.பி. என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது பீக் திறன், அதாவது சில நொடிகளுக்கு மோட்டார் முக்கித் தரக்கூடிய உச்சம். நமக்கு வேண்டியது அது அரை மணி நேரம் விடாமல் தரும் தொடர் திறன். ஓடுவதற்கு அது 2.5 முதல் 3 ஹெச்.பி. வரை இருக்க வேண்டும். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். ஆகவே மோட்டாரின் வாட் கணக்கு கொடுத்திருந்தால் வகுத்துப் பார்த்துவிடலாம். தொடர் திறனை எங்கேயும் குறிப்பிடவில்லை என்றால் அது குறைவு என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

நான் முதலில் வாங்கியது மடக்கு வகைதான். நடந்தவரை ஒரு குறையும் இல்லை. ஓட ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு முறை கால் பதியும்போதும் பெல்ட் ஒரு கணம் தயங்கி, பிறகு இழுத்தது. ஓடும்போது கால் தரையை அழுத்தும் விசை உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அந்த அழுத்தத்தில் பெல்ட்டுக்கும் அடிப்பலகைக்கும் இடையே உராய்வு கூடுகிறது. சின்ன மோட்டார் அங்கே திணறிச் சூடாகிறது. இருபது நிமிடத்தில் கருகல் வாடை வர ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன். மெல்லிய ரோலர் இருந்தால் இன்னும் மோசம். பெல்ட் அதைச் சுற்றி அதிகமாக வளைவதால் சீக்கிரம் தேயும்.

அடுத்தது பெல்ட்டின் நீளம். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் பெல்ட் ஒரு விநாடிக்கு 3.3 மீட்டர் ஓடுகிறது. நம் கால் அதன்மேல் கால் விநாடி இருந்தாலே 83 செ.மீ. பின்னால் போய்விடும். அதோடு களைப்பில் நாம் முன்னும் பின்னும் நகர்வதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மடக்கு வகையில் 120, 125 செ.மீ. பெல்ட் சகஜம். அதில் ஓடுகிறவர் முன்னால் உள்ள மோட்டார் மூடியில் இடிக்காமல் இருக்க அடியைச் சுருக்கிக்கொள்கிறார், தனக்கே தெரியாமல். 150 செ.மீ. நீளமும் 50 செ.மீ. அகலமும் கிடைத்தால் அந்த நினைப்பே வராது. கனத்த வகையில் அநேகமாக இந்த அளவு இருக்கும். திரை வகையில் மாடலுக்கு மாடல் மாறும், அளந்துதான் பார்க்க வேண்டும்.

சரி, திரை வகைக்கு என்ன பலம்? ஏற்றம், அதாவது ஓடும் தளத்தின் சரிவு. பல மாடல்களில் ஓடிக்கொண்டே பட்டனை அழுத்தி 10, 12 சதவீதம்வரை உயர்த்தலாம். சில மடக்கு மெஷின்களிலோ இறங்கி வந்து கையால் மாற்ற வேண்டியிருக்கும். வெளியே ஓடும்போது காற்று தரும் எதிர்ப்பு இங்கே இல்லாததால், ஓரளவு வேகமாக ஓடுகிறவர்களுக்கு 1 சதவீத ஏற்றம் அதை ஈடுகட்டும் என்று ஜோன்ஸ், டவுஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் ஆய்வு செய்து காட்டினார்கள். அதனால் பட்டனில் இயங்கும் ஏற்றம் வீண் ஆடம்பரம் இல்லை. ஆனால் கனத்த வகையிலும் அது கிடைக்கிறது. மீதி இருப்பது திரைதான். அதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டியிருக்கும், சந்தா நின்றால் பல வசதிகளும் நின்றுபோகலாம். மோட்டாருக்குப் பத்து வருடம் ஆயுள் இருந்தாலும் மென்பொருள் அதுவரை கூட வருமா என்பது சந்தேகம். யாராவது கூப்பிட்டு ஓட வைத்தால்தான் ஓடுவேன் என்பவருக்கு இந்த வகை நியாயமானதே. மற்றவர்களுக்கு முன்னால் ஒரு டேப்லெட்டை நிறுத்தினால் போதும்.

உச்ச வேகத்தில் மூன்று வகைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. மணிக்கு 16 கி.மீ. என்பது ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 45 விநாடி. பெரும்பாலோருக்கு அது தாராளம்.

ஓடுவதற்கு என் தேர்வு கனத்த வகை. மெஷின் மட்டுமே 100 கிலோவுக்குப் பக்கத்தில் இருந்தால், வேகமாக ஓடும்போது கைப்பிடிகள் ஆடுவதில்லை. அதன் குறை இடம்தான். மெஷினின் நீளம் போக, பின்னால் 2 மீட்டர் காலியாக விட வேண்டும், விழுந்தால் சுவரில் மோதாமல் இருக்க. ஆனால் ஓடும் நேரத்தில் மடக்கு மெஷினுக்கும் அதே 2 மீட்டர் தேவை. என் பழைய மெஷினை முதல் வாரத்துக்குப் பிறகு நான் மடிக்கவே இல்லை.

வாரண்டியில் ஃபிரேமுக்கு ஆயுள் முழுக்க என்று இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், இரும்புச் சட்டம் எளிதில் உடையாது. மோட்டாருக்கும் மற்ற பாகங்களுக்கும் எத்தனை வருடம், வீட்டுக்கு வந்து பழுது பார்க்கும் கூலி அதில் அடங்குமா என்று கேளுங்கள். அப்புறம், கடைக்கு ஓடும் ஷூவோடு போங்கள். உங்கள் வழக்கமான வேகத்தில் பத்து நிமிடம் ஓடிவிட்டு, மோட்டார் மூடியில் கை வைத்துச் சூட்டைப் பாருங்கள்.