90 நாள் சிக்ஸ் பேக் பேக்கேஜ்: ஜிம்முக்கு 4 ஸ்டார், பேக்கேஜுக்கு 1

கும்பகோணத்தில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மாடியில் இருக்கிறது இந்த ஜிம். பெயரைப் போடப் போவதில்லை, ஏனென்றால் இன்றைக்கும் காலை ஐந்தரைக்கு அங்கேதான் போய் நிற்கிறேன், மாஸ்டர் முகத்தில் முழிக்க வேண்டும். ஜிம்மைப் பற்றிப் பெரிய குறை ஒன்றும் இல்லை. அங்கே 18,000 ரூபாய்க்கு விற்கிற '90 நாளில் சிக்ஸ் பேக்' பேக்கேஜைப் பற்றித்தான் எழுத வந்தேன். இதே மாதிரி பிளெக்ஸ் தஞ்சாவூரிலும் பார்த்தேன், மன்னார்குடியிலும் பார்த்தேன், அதனால் பணம் கட்டுவதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் படித்தால் சரி.

ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் குளித்துவிட்டு நின்றபோது மச்சினன் எடுத்த போட்டோதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். வேட்டி முடிச்சு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, வயிறு அதன் மேல் கவிழ்ந்து கிடந்தது. எனக்கு 36 வயது, உரக்கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற வேலை. தீபாவளி முடியட்டும் என்று தள்ளிப்போட்டு (தீபாவளிக்கு முன்னால் யார் டயட் ஆரம்பிப்பார்கள்), அடுத்த திங்கட்கிழமை போய்ப் பணம் கட்டினேன். ஒரு தனி ட்ரெய்னர், ஒரு டயட் சார்ட், ஒரு டப்பா வே புரோட்டீன், ஒரு டப்பா 'ஃபேட் பர்னர்' மாத்திரை, கடைசி நாள் போட்டோ ஷூட். இவ்வளவுதான் பேக்கேஜ்.

முதல் நாளே ஒரு படம் எடுத்தார்கள். "வயித்தை லூசா விடுங்கண்ணே" என்றான் ட்ரெய்னர் தம்பி. விட்டேன். "இன்னும் கொஞ்சம்ணே" என்றான். இருக்கிற தொப்பை போதாது என்று தள்ளி வேறு காட்ட வேண்டியிருந்தது. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் வெறுங்காலோடு ஒரு எடை மெஷினில் ஏறி நிற்கச் சொன்னார்கள். உடம்பு வழியாக லேசாக மின்சாரம் அனுப்பி, கொழுப்பு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுகிற மெஷின். தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒரு எண், தாகத்தோடு ஏறினால் ஒரு எண் காட்டும், அதனால் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. இருந்தாலும் குத்துமதிப்பாக வைத்துக்கொள்வோம்: எடை 81 கிலோ, கொழுப்பு 27 சதவீதம், இடுப்பு 96 சென்டிமீட்டர்.

மூட்டைக் கணக்குப் போடத் தெரிந்த நான் அன்றைக்கே ஒரு துண்டுச் சீட்டில் இந்தக் கணக்கைப் போட்டு, மாதம் 1,000 ரூபாய் சந்தா மட்டும் கட்டியிருந்தால் 15,000 ரூபாய் மிச்சம். 81 கிலோவில் 27 சதவீதம் என்றால் சுமார் 22 கிலோ கொழுப்பு, மீதி 59 கிலோ எலும்பும் தசையும் தண்ணீரும். ஆம்பளைக்கு வயிற்றுத் தசை பளிச்சென்று தெரிய கொழுப்பு 10, 12 சதவீதம் வரைக்கும் இறங்க வேண்டும். அந்த 59 கிலோவில் ஒரு கிராம் கூடப் போகாமல் 12 சதவீதத்துக்கு வந்தால் என் எடை 67 கிலோ இருக்கும், அதாவது 14 கிலோ போயாக வேண்டும். ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி குறையணும். அதை 90 நாளில் முடிக்க தினமும் 1,200 கலோரி குறைக்க வேண்டும், என் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பதில் அது பாதி! அப்படிப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போகும், பிறகு எதைக் காட்டுவது. மனுஷன் தாங்குகிற வேகம் தினம் ஒரு 500 கலோரி, வாரம் அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைய. அந்த வேகத்தில் எனக்கு ஏழு மாதம். ஏற்கெனவே ஒல்லியாக இருக்கிற 22 வயசுப் பையனுக்கு 90 நாள் போதலாம், பிளெக்ஸில் நிற்பவனும் அந்தப் பையன்தான்.

முதல் மாதம் தினமும் 200 கிரஞ்ச் (மல்லாந்து படுத்துத் தோளைத் தூக்கி வயிற்றை மடக்குவது), அதற்கு மேல் பிளாங்க், அதற்கு மேல் சைக்கிள் கிரஞ்ச். வயிறு எரிந்தது, எரிந்தால் கொழுப்பு கரைகிறது என்றான் தம்பி. எரிவது தசை, அதன் மேலே இருக்கிற கொழுப்புக்கு அது தெரியவே தெரியாது. 1971-ல் டென்னிஸ் ஆடுகிறவர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்திருக்கிறார்கள், ராக்கெட் பிடித்து வருஷக்கணக்கில் வீசுகிற கையிலும் சும்மா இருக்கிற கையிலும் தோலுக்கு அடியில் கொழுப்பு ஒரே கனம்தான் இருந்திருக்கிறது. ஒரு இடத்தில் வேலை கொடுத்து அந்த இடத்துக் கொழுப்பை மட்டும் எடுக்க முடியாது, மொத்தமாகத்தான் இறங்கும், ஆம்பளைக்கு வயிற்றிலிருந்துதான் பெரும்பாலும் கடைசியாக இறங்கும். எனக்கு முதலில் இறங்கியது முகம். கடைக்கு வந்த விவசாயிகள் எல்லாம் "சுகர் இருக்கா தம்பி?" என்று விசாரித்தார்கள்.

சார்ட்டுக்கு வருகிறேன், என் கோபமே அதில்தான். லேமினேட் செய்த அட்டை. காலையில் ஓட்ஸ், பாதாம் பால். பதினொரு மணிக்கு அவகாடோ. மதியம் பிராக்கோலி, சால்மன். ராத்திரி எட்டு முட்டை வெள்ளைக்கரு. சால்மன் எங்கள் மீன் கடைக்காரருக்குப் பெயராகக்கூடத் தெரியாது, ஐப்பசி கார்த்திகையில் இங்கே விராலும் கெண்டையும் துள்ளத் துள்ள வருகிறது, அதை ஒரு வரி எழுத அந்தச் சார்ட்டுக்கு மனசு வரவில்லை. பிராக்கோலி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கிடைத்தது, மஞ்சள் பூத்து. என் வீட்டில் அதைக் காலிஃபிளவர் மாதிரி மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தாள், நன்றாகவே இருந்தது, ஆனால் அந்த விலைக்கு ஒரு வாரக் கீரை வாங்கலாம்.

எட்டு முட்டையின் மஞ்சள் கருவை என்ன செய்வது? இரண்டு நாள் கீழே கொட்டினோம். அம்மா பார்த்துவிட்டு, "காசு குடுத்து வாங்கி மஞ்சக்கருவ கொட்டுறவன இப்பதான்டா பாக்குறேன்" என்றார். அம்மா சொன்னதுதான் சரி. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம், அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மஞ்சள் கருவில்தான் இருக்கிறது. முழு முட்டை நான்கு சாப்பிட்டால் 24 கிராம் வந்துவிடும், நான் வாங்கும்போது அது 24 ரூபாய். அதே 24 கிராமுக்கு வே புரோட்டீன் ஒரு ஸ்கூப், கணக்குப் பார்த்தால் 80 ரூபாயைத் தாண்டுகிறது. வே கெட்டதில்லை, பாலிலிருந்து எடுப்பதுதான், அவசரத்துக்கு உதவும். ஆனால் ஜிம்மில் கொடுத்த டப்பாவின் விலை வெளிக்கடையைவிட 800 ரூபாய் அதிகம். வாங்குகிறவர்கள் சீலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் பார்த்து வாங்குங்கள்.

சார்ட்டில் இல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது, டெல்டாக்காரன் வயிறு எங்கே வளர்கிறது என்பது. இலை போட்டுச் சாப்பிடும்போது சாம்பாருக்கு ஒரு தடவை, வத்தக்குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு, மோருக்கு என்று நான்கு தடவை சோறு விழுகிறது. ஒரு நாள் தராசில் வைத்தேன், 700 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி, ஆக சோறு மட்டுமே 900. அப்புறம் காபி. டிகிரி காபி நாளைக்கு நான்கு, ஒவ்வொன்றிலும் கெட்டிப்பால் ஒரு 100 மில்லி, சர்க்கரை இரண்டு ஸ்பூன், நான்கும் சேர்ந்தால் 400 கலோரியைத் தாண்டும். குறைக்க வேண்டிய 500-ல் 400 என் டபராவிலேயே இருந்திருக்கிறது! காபியை இரண்டாக்கி, சர்க்கரையை அரை ஸ்பூனாக்கி, சோற்றை சாம்பாருக்கும் மோருக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மீதி இடத்தில் பொரியலும் சுண்டலும் மீனும் என்று மாற்றியதும் எடை தானாக இறங்க ஆரம்பித்தது. இதைச் சொல்லித்தர எந்த ட்ரெய்னரும் வரவில்லை. கறுப்புக் கவுனி சாப்பிட்டால் தொப்பை கரையும் என்று கடையில் ஒருத்தர் தினமும் சொல்வார். நல்ல அரிசி, நார்ச்சத்து உண்டு, சீக்கிரம் வயிறு நிறையும், ஆனால் கலோரி வெள்ளை அரிசிக்குப் பக்கத்தில்தான். தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரும் அப்படித்தான், ஒரு பெரிய ஸ்பூன் தேன் 60 கலோரி.

திருவையாறு பக்கம் போனால் அசோகா அல்வா வாங்காமல் வர முடியாது. பாசிப்பருப்புதானே, புரதம்தானே என்று ஒரு நாள் தம்பியிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

ஃபேட் பர்னர் மாத்திரையை நான்கு நாள் போட்டேன். அதில் முக்கியமான சரக்கு கஃபைன்தான், டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. அப்போது காபியும் குறைக்கவில்லை, ராத்திரி இரண்டு மணி வரைக்கும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன், நெஞ்சு படபடவென்று அடித்தது. தூக்கி எறிந்தேன். பிபி இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

மார்கழியில் வேறு சிக்கல். காலையில் கோயில், சுடச்சுட வெண்பொங்கல், தொன்னையில் நெய் ஒழுகும். பிரசாதம் தொடவே கூடாது என்றான் தம்பி, பிரசாதத்தை வேண்டாம் என்று சொன்னால் பாவம் என்றார் அம்மா. இந்த ஜிம்மில் அறுபது வயதைத் தாண்டிய மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார், கர்லாக்கட்டை சுற்றிப் பழகிய உடம்பு, பேக்கேஜுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அவரிடம் கேட்டேன். "வாங்கி சாப்புடுங்க தம்பி, வீட்டுல போயி ரெண்டு இட்லிய கொறச்சுக்குங்க" என்றார். 18,000 ரூபாயில் கிடைக்காத அறிவுரை, இலவசம்.

தொண்ணூறாவது நாள். முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது, உப்பு கூடாது, அப்போதுதான் தோல் ஒட்டி வரி தெரியும் என்றார்கள். முட்டாள்தனமாகக் கேட்டேன். காலையில் எண்ணெய் தடவி, பக்கவாட்டில் விளக்கு வைத்து, இருபது புஷ்அப் எடுக்கச் சொன்னதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்து உட்கார்ந்தேன். சோடா வாங்க ஓடியவனும் அந்தத் தம்பிதான், நல்ல பையன், வாங்குகிற சம்பளத்துக்கு அவனுக்குச் சொல்லித்தந்ததைச் சொல்கிறான். படம் எடுக்காமலே வீட்டுக்கு வந்தேன். எடை 75.5, இடுப்பு 88. தொப்பை போனது உண்மை, பேக் எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மாதம் 1,000 ரூபாய் கட்டும் சாதாரண ஆளாகச் சேர்ந்து மாஸ்டரிடம் போனேன். ஸ்குவாட், டெட்லிஃப்ட், புல்லப், மேலே கம்பியில் தொங்கிக்கொண்டு கால் தூக்குவது. வயிறும் மற்ற தசை மாதிரிதான், எடை வைத்து வாரத்துக்கு இரண்டு தடவை செய்தால் தடிக்கும் என்றார். கிரஞ்ச் செய்து பிடித்த கழுத்துவலி அந்த மாதமே போனது.

ஏழாவது மாதம், மேட்டூர் திறக்கப் போகிற வாரம், 71 கிலோ. மேலே இரண்டும் நடுவில் இரண்டும் தெரிந்தது, இடதும் வலதும் ஒரே கோட்டில் இல்லாமல் கொஞ்சம் ஏறுக்கு மாறாக. அதைச் சரிசெய்ய முடியாது. வயிற்றுத் தசை எல்லோருக்கும் உண்டு, அதைக் குறுக்கே கட்டுகிற நாண்பட்டைகள் எத்தனை, நேரா கோணலா என்பது பிறவியிலேயே வருவது, சிலருக்கு என்ன செய்தாலும் நான்குதான், சிலருக்கு எட்டு. கீழே உள்ள இரண்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை, தெரிய வைக்கிற ஆசையும் போய்விட்டது, காபியை ஒன்றாக்க வேண்டியிருக்கும்.

ஜிம்முக்கு வருகிறேன். இரும்புத் தட்டுகள் போதுமான அளவு இருக்கிறது, கம்பி வளையவில்லை, கார்த்திகை மழையில் மின்சாரம் போனாலும் இன்வெர்ட்டரில் விளக்கும் விசிறியும் ஓடும், ட்ரெட்மில் ஓடாது. படிக்கட்டு மழையில் வழுக்குகிறது, வண்டி நிறுத்த இடமில்லை. பெண்களுக்குப் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை தனி நேரம். என் தங்கை விசாரித்தபோது அவளுக்கும் அதே லேமினேட் அட்டையைத்தான் நீட்டினார்கள், இது தவறு. பெண்களுக்கு உடம்பில் கொழுப்பு கூடுதலாக இருப்பதுதான் இயல்பு, ரொம்ப இறக்கினால் மாதவிடாயே நின்றுவிடலாம், ஆம்பளைக் கணக்கை அவர்கள் மேல் போடக் கூடாது.

ஜூனில் மாஸ்டர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு படம் எடுக்க விட்டேன், தண்ணீர் குடித்துவிட்டு, எண்ணெய் இல்லாமல். இப்போது அது ஜிம் கல்லாவுக்கு மேலே சுவரில் தொங்குகிறது, பக்கத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற முதல் நாள் படம், நடுவில் கொட்டை எழுத்தில் '90 நாள்'. இரண்டு தடவை ஓனரிடம் சொல்லிவிட்டேன், "மாத்திடுவோம்ணே" என்கிறார். படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்கிற பையன்களிடம் மாதச் சந்தா மட்டும் கட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.