இரண்டு மருந்தா, ஒரே மருந்தா? கருக்கலைப்புக் குளிசைகளை ஒப்பிட்டால்

திருகோணமலையில் காதோடு காதாகப் பேசப்படும் ‘கலைக்கிற குளிசை’ ஒரே மருந்து அல்ல. இரண்டு மருந்துகள் சேர்ந்த முறை ஒன்று. ஒரே மருந்தை நம்பும் முறை இன்னொன்று. போதாக்குறைக்கு, பார்மசியில் கிடைக்கும் அவசர கருத்தடை மாத்திரையையும் இவற்றோடு போட்டுக் குழப்புவார்கள். அதை முதலில் ஒதுக்கிவிடலாம். உறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டிய அந்த லெவோநோர்ஜெஸ்ட்ரல் மாத்திரை, சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடும். கரு தங்கிய பிறகு எத்தனை விழுங்கினாலும் கலையாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்புக்கு இடமுண்டு. ஆகவே இங்கே பலருக்கு இது டொக்டர் முன்னால் இருந்து செய்யும் தெரிவு அல்ல, கைக்கு எது வந்ததோ அதுதான். வந்தது என்னவென்று தெரிந்திருப்பது அதனாலேயே முக்கியம்.

இரண்டு மருந்து முறையில் முதலில் மிஃபெப்ரிஸ்டோன். 1980இல் பிரான்ஸில் உருவாகி, 1988இல் அங்கே அனுமதி பெற்றது. கருவைத் தாங்கி நிற்கும் புரோஜெஸ்டரோன் ஹோர்மோனை வேலை செய்யவிடாமல் இது தடுக்கும். கருப்பையின் உட்சுவர் தளரும். 200 மி.கி. எடுத்து ஓரிரு நாள் கழித்து, 800 மைக்ரோகிராம் மிசோப்ரொஸ்டோல். இது கருப்பையைச் சுருங்கவைத்து உள்ளிருப்பதை வெளியே தள்ளும். ஆரம்ப வாரங்களில் 100 பேரில் 95 பேருக்கு மேல் முழுமையாக முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 12 வாரம் வரையும், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டாளர் 10 வாரம் வரையும் ஏற்கின்றனர்.

மிசோப்ரொஸ்டோல் மட்டும் என்றால் கதை வேறு. அது வயிற்றுப்புண்ணுக்கு வந்த மருந்து. கர்ப்பிணிகள் எடுக்கக்கூடாது என்ற எச்சரிக்கையையே 1980களில் பிரேசில் பெண்கள் தங்களுக்குக் கிடைத்த வழியாகப் பிடித்துக்கொண்டார்கள். உலக சுகாதார நிறுவனம் இதையும் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் 800 மைக்ரோகிராம் ஒருமுறை போதாது. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டிவரும். குளிர் நடுக்கம், காய்ச்சல், வயிற்றோட்டம் கூடுதல். முழுமையாக முடிவது ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், இரண்டு மருந்து முறையைவிடக் குறைவு என்பதில் சந்தேகமில்லை.

கள்ளச்சந்தையில் இதுகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்பதுதான் என் கவலை. ஒரு குளிசை வழக்கமாக 200 மைக்ரோகிராம். ஒன்றிரண்டை அட்டையிலிருந்து பிரித்துக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தால் அளவும் போதாது, வீரியமும் இருக்காது. மிசோப்ரொஸ்டோலுக்கு ஈரமும் சூடும் ஆகாது. நம் கடற்கரை வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். பாதி வேலை செய்து கரு தொடர்ந்து வளர்ந்தால், பிள்ளைக்கு முகநரம்புகளைத் தாக்கும் மோபியஸ் குறைபாடோ கைகால் குறைபாடோ வர வாய்ப்புண்டு. அரைகுறை அளவைவிட மோசமான தெரிவு வேறில்லை. பப்பாசி, அன்னாசி, எள்ளு விஷயத்துக்கு நான் வரவேயில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் லெட்ரோசோலும் மிசோப்ரொஸ்டோலும் சேர்ந்த முறையை 2022இல் உலக சுகாதார நிறுவனம் மாற்றுவழியாகச் சேர்த்தது. மெதோட்ரெக்சேட் கருக்குழாயில் தங்கிய கருவுக்கு வைத்தியசாலையில் கொடுக்கப்படுவது. இதற்கு அது சரிவராது. கருவியால் உறிஞ்சி எடுக்கும் முறை சில நிமிடத்தில் முடியும், தவறுவது மிகக் குறைவு, ஆனால் பழகிய கை வேண்டும். தாயின் உயிருக்கு ஆபத்து என்று வைத்தியசாலையிலேயே முடிவெடுக்கும்போது அதுவும் ஒரு தெரிவு.

கரு கருக்குழாயில் இருந்தால் இந்தக் குளிசைகள் எதுவும் வேலை செய்யாது. குழாய் வெடிக்கும் வலியைக் குளிசை வலி என்று நினைத்துச் சுருண்டு படுத்திருப்பது உயிருக்கே வினையாகும். கருத்தடைக்காகக் கருப்பையில் லூப் போட்டவர்கள் முதலில் அதை எடுக்க வேண்டும். நீண்டகாலமாக ஸ்டீரொயிட் எடுப்பவர்களுக்கும் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் கோளாறு உள்ளவர்களுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் ஆகாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு முறையிலுமே ஆபத்து.

இரத்தப்போக்கும் வயிற்றுவலியும் எந்த முறையிலும் வரும். ஆனால் மணித்தியாலத்துக்கு இரண்டு பெரிய பேட் வீதம் இரண்டு மணித்தியாலம் நனைந்தால், 38 பாகைக்கு மேலான காய்ச்சல் ஒரு நாளுக்கு மேல் நின்றால், துர்நாற்றத்தோடு நீர் போனால், தலைசுற்றி விழுந்தால் காத்திருக்கக்கூடாது. உப்புவெளியில் இருப்பவருக்குத் திருகோணமலைப் பொது வைத்தியசாலை பக்கம். வெருகலிலோ புல்மோட்டையிலோ இரவு பதினொரு மணிக்கு இது தொடங்கினால் வாகனம் தேடுவதே பெரும்பாடு. கிண்ணியா, மூதூர் ஆதார வைத்தியசாலைகளில் எது கிட்ட என்பதைக்கூட முன்பே யோசித்திருக்க வேண்டும்.

பொலிஸுக்குப் பயந்து வீட்டிலேயே கிடப்பவர்கள் உண்டு. தானாகக் கலைந்த கருவானாலும் குளிசையால் கலைந்ததானாலும் வைத்தியம் ஒன்றுதான். எதை எத்தனை, எப்போது எடுத்தது என்று டொக்டரிடம் சொன்னால் அவருக்கு வேலை இலகு. அப்புறம், இரண்டு கிழமைக்குள்ளேயே மறுபடி கரு தங்கலாம். கருத்தடை பற்றியும் அங்கேயே கேட்டுவிடலாம்.