தவில்காரர் நடத்தும் கதை வகுப்பு, கோபி

கோபிசெட்டிபாளையத்தில் ஞாயிறு காலை நடக்கும் சிறுகதை வகுப்பு இது. ஒரு நாளைக்கு 300 ரூபாய், காபி சேர்த்து. நடத்துகிறவர் கோயில் நோம்பிகளிலும் முகூர்த்தங்களிலும் தவில் வாசித்தவர். தோள்வலி வந்தபின் எழுத்துக்கு வந்திருக்கிறார். பாத்திரப் படைப்பு, கதைக்கரு என்று பலகையில் எழுதிப் போடுவார் என்று நினைத்துப் போகாதீர்கள்.

நம் கதையை நாமே உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவார். என் கதை அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் மாடு விற்கப் போகிறவரைப் பற்றியது. விடிந்தது, எழுந்தார், பல் விளக்கினார் என்று ஆரம்பித்திருந்தேன். "அம்மிணி, எல்லாப் பாட்டும் சமத்துலயேங்களா எடுக்கறாங்க? தாளம் ஓடட்டும், அரை இடம் தள்ளி எடுங்க" என்றார். சமம் என்றால் தாளம் தொடங்கும் முதல் தட்டு. முதல் பக்கம் போயிற்று. இப்போது கதை, துண்டுக்கடியில் வியாபாரி விரல் பிடித்து விலை பேசும் இடத்தில் தொடங்குகிறது.

அந்தப் பேரத்தை இரண்டே வரியில் முடித்திருந்தேன். அங்கேதான் நிரவல் பண்ணச் சொன்னார். நிரவலில் ஒரே வரியை, சொற்கள் தாளத்தில் இடம் பிசகாமல், மெட்டை வேறு வேறு விதமாக மாற்றிப் பாடுவார்கள். நானும் அந்த ஒரு கணத்திலேயே நின்றேன்: வியாபாரியின் ஈரக் கை, மடங்குகிற மோதிர விரல், துண்டுக்கடியில் நடப்பது தெரியாமல் அப்பன் முகத்தையே பார்க்கும் மகன். இரண்டு வரி ஒரு பக்கமானது, இழுவையாக இல்லை.

விறுவிறுப்பான இடம் வந்ததும் எல்லோரும் ஓட ஆரம்பித்துவிடுகிறோம் என்பது அவர் குறை. தவிலில் மேல்காலம், அதாவது வேகமான வாசிப்பு, போனால் வாசிக்கும் சொற்கள்தான் நெருங்கும், காலப்பிரமாணம் என்கிற தாளத்தின் அடிப்படை வேகம் அசையாது. டோக்கியோவில் 1974இல் ஜாஸ் பார் தொடங்கி, பிறகு நாவலாசிரியரான ஹருகி முரகாமியும் எழுத்துக்கு அடிப்படை தாளம்தான் என்று சொன்னவர்.

முடிவு விஷயத்தில் மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. தவில் வாசிப்பை முடிக்கும் தாளக்கோவையான தீர்மானம் போல ஒன்று மூன்று முறை வந்து சமத்தில் விழ வேண்டுமாம். கச்சேரியில் எங்கே விழும் என்று தெரிந்தே காத்திருக்கிறோம், சரி. கதையில் இரண்டாம் முறையே வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

அப்புறம், உரையாடல் எழுத இங்கே ஒன்றும் கிடைக்காது. தாளம் தெரியாதவர்கள் முதல் வாரம் முழிக்கத்தான் வேண்டும். தகரக் கூரை, பதினொரு மணிக்கு மேல் வெக்கை தாங்காது. கதையை அச்செடுத்துக்கொண்டு போங்கள். போனில் தள்ளித் தள்ளிப் படித்தால் மனிதர் முகம் சுளிக்கிறார்.