காட்டோர ரிசார்ட்டா, ஊர்க்காரர்கள் நடத்தும் வீடா?

காட்டைப் பார்க்கப் போகலாம் என்று முடிவாகித் தங்குமிடம் தேட உட்கார்ந்தால், எந்த நாடானாலும் பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று, பெயருக்கு முன்னால் 'எகோ' சேர்த்துக்கொண்ட தனியார் ரிசார்ட். மற்றொன்று, அந்த ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து நடத்தும் ஹோம்ஸ்டே. நான் ரிசார்ட்டில் மூன்று தடவையும் ஊர் வீட்டில் இரண்டு தடவையும் தங்கியிருக்கிறேன். இனி என் காசு ஊர் வீட்டுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

வசதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, அதில் ரிசார்ட்தான் ஜெயிக்கும். பயணத்தால் வரும் கரியுமிழ்வு இரண்டுக்கும் ஒன்றுதான். விமானம் ஏறிப் போய்விட்டு மூங்கில் குடிலில் படுத்தால் அந்தப் புகை குறைந்துவிடாது.

சுற்றுச்சூழல் என்று வரும்போது ஊர் வீடுதான் மேல் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. நான் தங்கிய ஒரு ரிசார்ட்டில் கழிவுநீரை நாணல் பாத்தி வழியாக விட்டுச் சுத்தம் செய்து தோட்டத்துக்குப் பாய்ச்சினார்கள். ஊர் வீட்டிலோ கழிப்பறைக் குழி ஓடைக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. விருந்தாளிகள் விட்டுப்போன பிளாஸ்டிக் பாட்டில்களைக் கொல்லையில் போட்டு எரித்தார்கள். கழிவுநீர் சின்ன விஷயமில்லை. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவை 2018-இல் ஆறு மாதம் மூடிவைத்ததற்கு முக்கியக் காரணமே கடலுக்குள் போன சாக்கடைதான். கட்டமைப்புக்குச் செலவழிக்க ரிசார்ட்டிடம் பணம் இருக்கிறது, ஊரிடம் இல்லை. செலவழிக்காத ரிசார்ட்டுகளும் ஏராளம் என்பது வேறு விஷயம். இன்னொன்றில் 'துண்டை மறுபடி பயன்படுத்தி பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று குளியலறையில் அட்டை மாட்டியிருந்தது. ஜன்னலைத் திறந்தால் நீச்சல்குளம். ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம்.

ஆனால் ஓர் இடம் கெடுவதும் பிழைப்பதும் கட்டடத்தைவிட ஆள் எண்ணிக்கையைப் பொறுத்தது. தாய்லாந்தின் மாயா விரிகுடாவில் தங்குவதற்கு ஹோட்டலே கிடையாது. பகலில் படகில் வந்து போனவர்களாலேயே பவளப்பாறைகள் நாசமாகி, 2018-இல் மூடிய இடத்தை 2022-இல்தான் திறந்தார்கள், அதுவும் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து. வங்கிக் கடனில் கட்டிய ரிசார்ட்டுக்கு அறைகள் நிறைந்தே ஆகவேண்டும். 'போதும், இதற்கு மேல் ஆள் வேண்டாம்' என்று சொல்ல அதற்கு முடியுமா என்பது பணம் எப்படி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்ததும் அந்தப் பணம்தான்.

சர்வதேச சூழல் சுற்றுலாச் சங்கம் 1990-இல் கொடுத்த விளக்கத்திலேயே, இயற்கையைக் காப்பதும் உள்ளூர் மக்களின் நலனை உயர்த்துவதும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. மூன்று ரிசார்ட்டிலும் நான் பார்த்தது வேறு. பெட்டி தூக்கியவரும் தோட்டம் பெருக்கியவரும் பக்கத்து ஊர்க்காரர்கள். மேலாளர், சமையல்காரர், விலங்குகளைப் பற்றி விளக்கிச் சொன்ன இளைஞர் எல்லோரும் வெளியூர். காய்கறிகூட விடியற்காலையில் வேனில் வந்து இறங்கியது. முதலாளியை யாரும் பார்த்ததில்லை. நான் கொடுத்த பணத்தில் இரண்டு மூன்று சம்பளம் போக மீதி எல்லாம் அந்த மண்ணில் ஒரு நாள்கூடத் தங்காமல் கிளம்பிவிட்டிருக்கும்.

அதனால் என்ன, சம்பளம் கிடைக்கிறதே என்று கேட்கலாம். மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு ரிசார்ட்டின் வரவேற்பறையில் ஆள் உயரத்துக்கு யானைப் படம் மாட்டியிருந்தார்கள். மதிலை ஒட்டிய தோட்டத்தில் அந்த யானைகள் முந்தின வாரம்தான் புகுந்து போயிருந்தன. முறிந்து கிடந்த வாழையை ஒருவர் வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார். யானையால் ஒருவருக்கு வருமானம், ஒருவருக்கு நஷ்டம், நடுவே ஒரு மதில். அந்த மனிதர் எதற்காக யானையைக் காப்பாற்ற வேண்டும்? வலை விரிப்பவன் காட்டுக்குள் போவதைப் பார்த்தால் அவர் ஏன் தகவல் சொல்ல வேண்டும்?

ஊர் வீட்டில் இதற்கு ஒரு நோட்டுப்புத்தகம் பதில் சொன்னது. ஊர்க்கூடத்தில் ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எந்த வீட்டுக்கு அடுத்த விருந்தாளி, எந்த வழிகாட்டிக்கு அடுத்த முறை, வந்த தொகை எவ்வளவு என்று பென்சிலில் வரிசையாக எழுதியிருந்தது. பத்துப் பங்கில் ஆறு தங்க வைக்கும் வீட்டுக்கு, இரண்டு வழிகாட்டிக்கு, இரண்டு பொது நிதிக்கு. பொது நிதியிலிருந்து வேலி பழுது பார்த்த செலவும், பன்றி புகுந்து பயிர் இழந்தவருக்குக் கொடுத்த தொகையும் அதே பக்கத்தில் இருந்தன. விருந்தாளி தங்காத வீட்டுக்கும் விலங்கால் ஏதோ கொஞ்சம் கிடைக்கிறது. இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

இதன் பலனை மறுநாள் காலையே பார்த்தேன். உயரமான மரம் ஒன்றின் பொந்தில் இருவாச்சிப் பறவை கூடு வைத்திருந்தது. கொஞ்சம் கிட்டப் போய்ப் படமெடுக்கலாமா என்று கேட்டேன். வழிகாட்டி தலையாட்டி மறுத்தார். "இப்ப வேண்டாம் தம்பி. பெட்டை உள்ளே அடைபட்டுக் கிடக்கு. நாம நிக்கிறதைப் பார்த்தா ஆண் இரை கொண்டுவராது." கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே சொன்னார்: "இது போச்சுன்னா அடுத்த வருசம் எதைக் காட்டறது?" ரிசார்ட் ஜீப்பில் இதற்கு நேர்மாறு. ஒரு சிறுத்தை தெரிந்ததும் வாக்கிடாக்கியில் சொல்லிச் சொல்லி ஏழு வண்டிகள் வந்து சூழ்ந்துகொண்டன.

இது என் ஒருவனின் அனுபவம் மட்டுமில்லை. கோஸ்டாரிக்காவின் டோர்டுகேரோ ஒரு காலத்தில் கடலாமையின் இறைச்சியையும் முட்டையையும் நம்பியிருந்த ஊர், இப்போது ஆமை பார்க்க வருகிறவர்களை நம்பி வாழ்கிறது. பெரியாறு புலிகள் காப்பகத்தில் காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களே பிறகு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். நமீபியா 1996-இல் சட்டத்தைத் திருத்தி, வனவிலங்குகளால் வரும் வருமானத்தில் கிராமச் சமூகங்களுக்கே உரிமை கொடுத்தது. இப்போது அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட சமூகக் காப்பகங்கள் இருக்கின்றன.

சரி, ஊர் என்றாலே எல்லாம் நேர்மை என்று சொல்ல வரவில்லை. அந்த நோட்டில் பதினோரு வீடுகள்தான் இருந்தன, ஊரில் அதைப் போல மூன்று மடங்கு. நல்ல கழிப்பறையும் தனி அறையும் இருக்கிற வீடுதான் பட்டியலில் சேர முடியும். அதாவது ஏற்கெனவே கொஞ்சம் வசதியானவர்களுக்குத்தான் அந்த ஆறு பங்கு. விருந்தாளி வந்தால் வீட்டுப் பெண்களுக்கு வேலை இரட்டிப்பாகிறது. நோட்டிலோ ஆண்களின் பெயர்தான். 2020-இல் பயணமே நின்றபோது ரிசார்ட் ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது, ஊர் வீடுகளும் காலியாகக் கிடந்தன. என்னைத் தங்க வைத்தவர்கள் விவசாயத்தை விடாததால் தப்பித்தார்கள். அதை விட்டுவிட்டு விருந்தாளிகளையே நம்பியிருந்த ஊர்களின் பாடு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விலை உயர்ந்த சுற்றுலா எல்லாமே மோசம் என்றும் சொல்ல முடியாது. ருவாண்டாவில் மலை கொரில்லாவைப் பார்க்க 1,500 டாலர் கட்டணம், ஒரு மணி நேரம்தான் அனுமதி, ஒரு கொரில்லாக் குழுவுக்கு ஒரு நாளில் எட்டுப் பேர் மட்டும். பூங்கா வருமானத்தில் 5 சதவீதமாக இருந்த சுற்றுவட்டார மக்களின் பங்கை 2017-இல் 10 சதவீதமாக்கினார்கள். கொரில்லாக்களுக்கான மருத்துவம், காவல் ரோந்து, இந்தப் பணம் எல்லாம் சேர்ந்துதான் மலை கொரில்லாக்கள், அண்டை நாடுகளில் உள்ளவற்றையும் சேர்த்து, இன்று ஆயிரத்தைத் தாண்டி நிற்கின்றன. பெருவில் இன்பியர்னோ என்ற அமேசான் ஊர், ஒரு நிறுவனத்தோடு 1996-இல் இருபது வருட ஒப்பந்தம் போட்டு விடுதி கட்டியது. லாபத்தில் 60 பங்கு ஊருக்கு, 40 நிறுவனத்துக்கு. அப்படி ஓர் இடத்தில் இதுவரை நான் தங்கியதில்லை. கட்டமைப்பும் கிடைத்து, பணமும் ஊரிலேயே நிற்கிற இந்தக் கூட்டு முறை இரண்டையும்விட மேலாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது.

வயதானவர்களையோ கைக்குழந்தையையோ கூட்டிப் போவதென்றால் நானும் ரிசார்ட்டைத்தான் பார்ப்பேன், நாணல் பாத்தி வைத்திருப்பதாக. கடலோர இடங்களில் நான் தங்கியதே இல்லை, அதனால் இந்தக் கணக்கு அங்கே அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த பயணத்துக்காகப் போன வாரம் இரண்டு இடங்களுக்குப் போன் போட்டேன். இரண்டிலும் ஒரே கேள்வி: வரும் பணத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? ரிசார்ட்டில் "நாங்க நிறைய சமூக சேவை பண்றோம் சார்" என்று சொல்லிவிட்டு, மரக்கன்று நடும் படம் ஒன்றை அனுப்பினார்கள். ஊர்க்குழுவில் போனை எடுத்தவர் வீட்டுக்கு இவ்வளவு, வழிகாட்டிக்கு இவ்வளவு, வேலிக்கு இவ்வளவு என்று கால் மணி நேரம் விளக்கினார். பொருளாளர் இன்னும் போன சீசன் கணக்கை முடிக்கவில்லை என்று ஒரு குறையும் சேர்த்துச் சொன்னார். அங்கேயே பதிவு செய்துவிட்டேன்.