கைகளைப் பார்க்கும் படங்கள்: பிரெஞ்சு சினிமாவோடு பன்னிரண்டு ஆண்டுகள்

சிறை அறைக்குள் ஐந்து பேர். தரைப் பலகைகளைப் பெயர்த்தாகிவிட்டது, அடியில் காங்கிரீட். கட்டிலிலிருந்து கழற்றிய இரும்புத் துண்டால் ஒருவன் ஓங்கி அடிக்கிறான். முதலில் வெறும் பொடிதான் பறக்கிறது. பிறகு ஒரு சில்லு தெறிக்கிறது. கை ஓய்ந்ததும் அடுத்தவன் வாங்கிக்கொள்கிறான். சுமார் நான்கு நிமிடம், காட்சியில் ஒரு கட்கூட இல்லை, இசையும் இல்லை. அந்தச் சத்தம் காவலர் காதில் விழுந்துவிடுமோ என்று பார்க்கும் நமக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

ழாக் பெக்கர் இயக்கிய 'ல ட்ரூ' படத்தில் வரும் காட்சி இது. 'துளை' என்று பொருள். 1960இல் வெளிவந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவில் தற்செயலாகப் பார்த்தேன். அதுவரை பிரெஞ்சு சினிமா என்றால் எனக்கு கோதார், த்ரூஃபோ போன்ற இயக்குநர்கள், பாரிஸ் தெருக்கள், காபிக் கடையில் சிகரெட் பிடித்தபடி காதலைப் பற்றி ஓயாமல் பேசும் இளைஞர்கள், அவ்வளவுதான். அந்த இரவுக்குப் பிறகு, அதிகம் பேசப்படாத பிரெஞ்சுப் படங்களைத் தேடிப் பார்ப்பது வாரந்தோறும் தொடரும் பழக்கமாகிவிட்டது.

'ல ட்ரூ' கதை நடந்த கதை. பாரிஸின் லா சான்த்தே சிறையில் 1947இல் நடந்த தப்பியோடும் முயற்சி அது. அதில் பங்கெடுத்த ழோசே ஜியோவானி பின்னாளில் நாவலாக எழுதினார். பங்கெடுத்த இன்னொருவரான ழான் கெரோதி படத்தில் தானே வந்து நடிக்கிறார். பூட்டையும் கம்பியையும் அவர் கையாளும் விதத்தில் நடிப்பு என்று எதுவும் கிடையாது; தெரிந்த வேலையை ஒருவர் மறுபடி செய்து காட்டுகிறார். பல் துலக்கும் பிரஷ்ஷின் முனையில் கண்ணாடிச் சில்லைக் கட்டிக் கதவுத் துளை வழியே வெளியே உள்ள நடைபாதையை நோட்டம் விடுவது, இரண்டு சிறு புட்டிகளையும் மணலையும் வைத்து நேரம் பார்க்கும் கருவி செய்துகொள்வது என எல்லாவற்றையும் படம் பொறுமையாகக் காட்டுகிறது. இவர்கள் என்ன குற்றம் செய்தார்கள் என்பதில் பெக்கருக்கு அக்கறையே இல்லை. வேலையைப் பகிர்ந்துகொள்வதிலேயே இவர்கள் யார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. படம் திரைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு பெக்கர் இறந்துபோனார்.

வேலை செய்யும் கைகள். இத்தனை ஆண்டுகளில் இந்தப் படங்களை ஒன்றாகக் கோக்க எனக்குக் கிடைத்த இழை அதுதான். தொடக்கத்தில் பத்தாண்டு வாரியாகப் பட்டியல் போட்டுப் பார்த்தேன், அது சரிப்படவில்லை. முப்பதுகளுக்கு ஐந்து, நாற்பதுகளுக்கு ஐந்து என்று பார்த்தால் தேர்வுக்குப் படித்தது போல மறந்துபோகிறது. ஒரு இயக்குநரையோ ஓர் ஊரையோ பிடித்துக்கொண்டு போனபோதுதான் படங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன.

அப்படிப் பிடித்தவர்களில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர் ழான் கிரெமியோன். 'ரெமோர்க்' (1941) பிரெஸ்த் துறைமுகத்தில் புயலில் சிக்கும் கப்பல்களை மீட்கும் இழுவைக் கப்பல்காரர்களின் கதை. 1939இல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் உலகப் போர் மூண்டு வேலை நின்றுபோனது. நல்ல படம்தான், ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது 'ல சியெல் எ அ வூ' படத்துக்கு. 'வானம் உங்களுடையது' என்று பொருள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ், 1944 பிப்ரவரியில் வெளியானது.

சிறு ஊரில் மோட்டார் ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கும் அவர் மனைவி தெரேஸும்தான் கதை. கணவருக்கு விமானப் பைத்தியம். மனைவிக்கு அது பிடிக்கவில்லை, சண்டை போடுகிறாள். பிறகு ஒருநாள் தானே பறக்கிறாள். அதன் பின் அவளுடைய பைத்தியம் அவருடையதைத் தாண்டிவிடுகிறது. பெண்களுக்கான தூரச் சாதனையை முறியடிக்கக் கிளம்புகிறாள். 1938இல் அப்படி ஒரு சாதனை செய்த ஆந்த்ரே துபேரோன் என்பவரின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை இது. அவரும் மெக்கானிக்கின் மனைவி, பிள்ளை பெற்ற தாய்.

விமானத்துக்குப் பணம் போதவில்லை. மகள் வாசிக்கும் பியானோவை விற்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இசையில் உண்மையான திறமை இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அவள் ஆசிரியரும் அதைச் சொல்லியிருக்கிறார். பெற்றோரின் கனவுக்காகப் பிள்ளையின் கனவு வண்டியேறிப் போகிறது. கிரெமியோன் இதை நியாயப்படுத்தவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. பிறகு தெரேஸிடமிருந்து தகவல் வராத நாட்களில் ஊரே கணவருக்கு எதிராகத் திரும்புகிறது. அவள் வென்ற செய்தி வந்ததும் அதே ஊர் மாலை மரியாதையோடு வந்து நிற்கிறது. நமக்கு அந்தக் கூட்டத்தின் மேல் கோபம் வருகிறது. தெரேஸின் மேல் பெருமையும் வருகிறது. பியானோ மறக்கவும் மாட்டேன் என்கிறது. இந்தப் படத்தை அன்று ஜெர்மனியோடு ஒத்துழைத்த விஷி அரசின் ஆதரவாளர்களும் கொண்டாடினார்கள், தலைமறைவாக இயங்கிய எதிர்ப்பியக்கத்தின் பத்திரிகையும் கொண்டாடியது. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இரண்டு தரப்புக்கும் அதில் என்ன கிடைத்தது என்று எனக்குப் புரிகிறது.

ஊரைப் பிடித்துக்கொண்டு போனதற்கு உதாரணம் சேத் என்ற தெற்குத் துறைமுகம். ஆக்னஸ் வர்தாவின் முதல் படமான 'லா புவாந்த் கூர்த்' (1955) அங்குள்ள மீனவர் குடியிருப்பில் எடுக்கப்பட்டது. புகைப்படக் கலைஞராக இருந்தவர் இருபத்தாறு வயதில் எடுத்த படம். படத்தொகுப்பு செய்தவர் அலென் ரெனே. ஒரு தம்பதியின் மனப் பிணக்கும் மீனவர்களின் அன்றாடப் பாடும் மாறி மாறி வருகின்றன. தம்பதி பேசும் பகுதிகள் எனக்கு இன்றும் ஒட்டவில்லை. மீனவர்கள் வரும் பகுதிகள் என்றால் எத்தனை முறையும் பார்ப்பேன்: காயும் வலைகள், பூனைகள், சுகாதார ஆய்வாளர் வருகிறார் என்றதும் தெருவெங்கும் பரவும் எச்சரிக்கை. அதே ஊரில் அரை நூற்றாண்டு கழித்து அப்தெலத்தீஃப் கெஷிஷ் எடுத்தது 'லா கிரேன் எ ல மூலே' (2007). கப்பல் பட்டறையில் முப்பத்தைந்து ஆண்டு உழைத்துத் தள்ளப்பட்ட ஸ்லிமான் என்ற வட ஆப்பிரிக்கப் பெரியவர், ஒரு பழைய கப்பலில் மீன் கூஸ்கூஸ் (கோதுமை ரவையில் செய்யும் வட ஆப்பிரிக்க உணவு) உணவகம் தொடங்க நினைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை குடும்பச் சாப்பாட்டுக் காட்சி ஒன்று இருக்கிறது. விரலால் முள்ளை எடுத்தபடியே எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாட்களில் பாருங்கள். ஒரு துறைமுகத்தில் ஐம்பது ஆண்டுகளில் யார் வந்தார்கள், வேலை எங்கே போனது என்பது தெரியும்.

சப்டைட்டிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஆங்கில சப்டைட்டிலில் எல்லாரும் எல்லாரையும் ஒரே சொல்லில்தான் அழைக்கிறார்கள். ஆனால் பிரெஞ்சில் 'தூ' உண்டு, 'வூ' உண்டு. நமக்கு நீ, நீங்கள் இருப்பது போல. சில மாதங்களில் காது பழகிவிடும். அதன் பிறகு ஒருவர் 'வூ'விலிருந்து 'தூ'வுக்கு இறங்கும் நொடி, எழுத்தில் இல்லாத ஒரு வசனமாக நமக்குக் கேட்கும். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதை நாம் சும்மா கேட்டே பிடித்துவிடலாம்.

பேச்சு மிகுந்த படங்களைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டாம். ழான் யூஸ்தாஷின் 'லா மமோன் எ லா பூத்தேன்' (1973) மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும். முதல் முறை பாதியில் நிறுத்தினேன். வாசித்துக்கொண்டே இருந்ததில் முகங்களைப் பார்க்கவே முடியவில்லை. மூன்று ஆண்டு கழித்து, காது தேறிய பிறகு முழுதாகப் பார்த்தேன். உலுக்கிவிட்டது. மார்கெரித் துராஸின் 'இந்தியா சாங்' (1975) மட்டும் இரண்டாம் முறையும் கைகொடுக்கவில்லை. 1930களின் கல்கத்தாவைப் பாரிஸை ஒட்டிய ஒரு மாளிகையிலேயே எடுத்திருக்கிறார். அழகியல் காரணம் புரிகிறது. ஆனாலும் அந்தக் கல்கத்தாவில் வெள்ளையரின் சலிப்புக்கு முகம் இருக்கிறது, பிச்சைக்காரிக்குக் குரல் மட்டும்தான். இதை நான் ஏற்றுக்கொள்ளப்போவதில்லை.

கருவிகளில் பட்ட சிரமங்களும் உண்டு. சந்தா கட்டியிருந்த ஓடிடி தளம் ஒன்றில், பார்க்க வைத்திருந்த படங்கள் ஒரு வார முன்னறிவிப்புகூட இல்லாமல் மறைந்தன. வாங்கிய டிவிடி ஒன்றில் சப்டைட்டில் மூன்று நொடி பின்தங்கி வந்தது. பழைய படங்களின் சட்டகம் ஏறக்குறையச் சதுரமானது. தொலைக்காட்சிப் பெட்டி அதைத் தானாக இழுத்து அகலமாக்கிவிடும், எல்லார் முகமும் உப்பிப்போகும். அந்த அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு சிறு படங்கள் எப்படி உருவாகின்றன என்ற கேள்விக்கு விடை டிக்கெட்டில் இருக்கிறது. பிரான்சில் விற்கும் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலிருந்தும் 10.72 சதவீதம், அது ஹாலிவுட் படத்துக்கானதாக இருந்தாலும், 1946இல் நிறுவப்பட்ட தேசிய சினிமா மையத்தின் நிதிக்குப் போகிறது. வசூலை எதிர்பார்த்து முன்பணம் தரும் திட்டமும் 1959 முதல் இருக்கிறது.

வேலையும் வீடும் ஒன்றாகக் கலக்கும் படம் என்றால் கிளேர் டெனியின் '35 ரம்' (2008). தந்தை புறநகர் ரயில் ஓட்டுநர், மகள் கல்லூரி மாணவி. மகள் ஒரு ரைஸ் குக்கர் வாங்கி வருகிறாள். அன்றே தந்தையும் ஒன்று வாங்கி வருகிறார். அவள் தன்னுடையதை ஒளித்துவைத்துவிட்டு, அவர் வாங்கியதற்கு மகிழ்கிறாள். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சோறு வேகும் வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

கடைசியாக நான் முடித்தது ஒரு ஜோடி. ஜார்ஜ் ரூக்கியே அவேரோன் பகுதியில் தன் உறவினர்களின் பண்ணையில் ஓராண்டு முழுக்க எடுத்த 'ஃபாரெபீக்' (1946), அதே மனிதர்களிடம் ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பிப் போய் எடுத்த 'பீக்ஃபார்' (1983). முதல் படத்தில் வீட்டுக்கு மின்சாரம் வேண்டுமா என்று பேசிக்கொள்கிறார்கள்; தாத்தா இறந்துபோகிறார். இரண்டாவதில் பக்கத்துச் சிறு பண்ணை விலைக்கு வருகிறது, நிலத்துக்கு அக்கம்பக்கத்தார் போட்டி போடுகிறார்கள். முதல் படத்தில் இளைஞராகப் பார்த்த முகத்தை இரண்டாவதில் முதியவராக அடையாளம் கண்ட நொடியில் படத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதே வரிசையில் ரேமோன் தெபார்தோனின் விவசாயிகள் பற்றிய மூன்று ஆவணப்படங்கள் இருக்கின்றன: 2001, 2005, 2008. அவரும் பண்ணை வீட்டுப் பிள்ளை. சமையலறை மேசையில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார், பதில் வரும்வரை காத்திருக்கிறார், சில சமயம் பதில் வருவதே இல்லை. இரண்டைப் பார்த்துவிட்டேன். மூன்றாவதை இந்த மழைக்காலத்துக்கென்று வைத்திருக்கிறேன்.